கார்பன் ஏரோஜெல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கார்பன் ஏரோஜெல் என்பது நானோமீட்டர் துளைகள் நிறைந்த, மிக லேசான கரி. ரிசார்சினாலையும் ஃபார்மால்டிஹைடையும் நீரில் ஜெல்லாக இறுகவைத்து, சுருங்காமல் உலர்த்தி, சூளையில் கரியாக்கி இதைச் செய்கிறோம். மின்தேக்கிகளின் மின்முனைக்கு இது பயன்படும்.

கேள்வி: ரிசார்சினால்–ஃபார்மால்டிஹைடு கலவை இறுகாமல் அடியில் தூளாகப் படிகிறது. ஏன்? (முதுகலை மாணவி, திருமங்கலம்)

காரம் குறைந்திருக்கிறது. தொடக்கத்துக்கு ஏற்ற அளவு: ரிசார்சினால் 11 கிராம், 37 சதவீத ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடின் நீர்க்கரைசல்) 16.2 கிராம், காரமாக நீரற்ற சோடியம் கார்பனேட் 53 மில்லிகிராம், வாலை வடிநீர் 30 மி.லி. அந்த 53 மில்லிகிராமை நேரடியாக எடைபோட வேண்டாம். 0.53 கிராமை 100 மி.லி. நீரில் கரைத்து 10 மி.லி. எடுங்கள், மீதி 20 மி.லி. வெறும் வடிநீர். சலவைச் சோடாவும் சோடியம் கார்பனேட்தான், ஆனால் அதில் பாதிக்கு மேல் படிகநீர். அதே எடை போட்டால் 37 சதவீதக் கார்பனேட்தான் சேரும். பழைய ஃபார்மலினில் ஊறியிருக்கும் ஃபார்மிக் அமிலமும் காரத்தைத் தின்றுவிடும். போர் தண்ணீர் ஊற்றினால் இதற்கு நேர்மாறு: அதிலுள்ள பைகார்பனேட் கணக்கில் வராத காரமாகித் துளைகளைச் சிறிதாக்கும். பி.எச். 6.5–7.4 இருக்கட்டும். மூடி இறுக்கிய கண்ணாடிக் குப்பியில் 80–85 டிகிரியில் மூன்று நாள் வையுங்கள். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் தரும். ஃப்யூம் ஹூடுக்கு (நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு) வெளியே எதையும் திறக்காதீர்கள்.

கேள்வி: இங்கே அடிக்கிற வெயிலில் மொட்டைமாடியில் வைத்தாலே ஜெல் காய்ந்துவிடுமே? (உசிலம்பட்டி)

காயும், ஏரோஜெல் ஆகாது. நானோமீட்டர் துளைக்குள் நீர் வற்றும்போது அதன் பரப்பு இழுவிசை சுவர்களை உள்ளே இழுக்க, ஜெல் சுருங்கி வெடிக்கும். இந்த விசை நீருக்கு மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், அசிட்டோனுக்குச் சுமார் 23. அதனால் முதலில் பத்து மடங்கு அசிட்டோனில் ஊறவைத்து, தினமும் மாற்றி, மூன்று நாள் விடுங்கள். பிறகு திரவக் கரியமில வாயுவால் அசிட்டோனை அலசி வெளியேற்ற வேண்டும். 31 டிகிரியும் 74 பாரும் தாண்டினால் திரவம், வாயு என்ற எல்லையே இல்லை, இழுவிசையும் இல்லை.

நம் பக்கத்துக்கென்று ஓர் எச்சரிக்கை. சித்திரையில் அறையே 31 டிகிரியைத் தாண்டிவிடும். அழுத்தக் கலனுக்குள் கரியமில வாயு திரவமாக நிற்காது. வெளியுறையில் குளிர்நீர் ஓடவிட்டு 15 டிகிரியில் அலசுங்கள். அசிட்டோன் முழுக்க வெளியேறிய பிறகே 40 டிகிரிக்கு ஏற்றி, அழுத்தத்தை மணிக்கணக்கில் மெல்ல இறக்குங்கள்.

இந்தக் கருவி இல்லையென்றால், ஜெல்லை அசிட்டோனிலிருந்து எடுத்து, ஊசித்துளை போட்ட மூடிக்குள், நெருப்பு அண்டாத நிழலில் உலர்த்துங்கள். கிடைப்பது ஜெரோஜெல். அடர்த்தி கூடும், ஆனால் மின்தேக்கிக்கு அது குறையல்ல. இடம் குறைவான கருவிக்கு நாங்கள் அதையே பரிந்துரைப்போம்.

கேள்வி: சூளையில் பாதி எடை போய்விட்டது. எரிந்துவிட்டதா? (மேலூர்)

பாதி குறைவது இயல்பு. சாம்பல் பூத்திருந்தால்தான் காற்று புகுந்திருக்கிறது. நைட்ரஜனை அரை மணி ஓட்டிவிட்டு, நிமிடத்துக்கு 5 டிகிரி ஏற்றி, 800–900 டிகிரியில் இரண்டு மணி நிறுத்துங்கள். 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை நைட்ரஜன் ஓடட்டும். புகையைக் காரநீர்க் குப்பி வழியாக விடும்போது நடுவில் ஒரு காலிக் குப்பி வேண்டும். இல்லாவிட்டால் சூளை ஆறும்போது நீர் பின்னேறிச் சூடான குழாயை உடைத்துவிடும்.

கேள்வி: மூன்று மின்முனைச் சோதனையில் கிராமுக்கு 180 ஃபாரட், கலமாக்கினால் 45. எங்கே போயிற்று? (ஆராய்ச்சி மாணவர், மதுரை)

எங்கும் போகவில்லை. மூன்று மின்முனைச் சோதனை ஒரே ஒரு மின்முனையின் தேக்குதிறனைத்தான் அளக்கிறது. கலத்தில் இரு மின்முனைகள் தொடரிணைப்பில் இருப்பதால் தேக்குதிறன் பாதி, கார்பன் எடை இரட்டிப்பு. ஆகவே கால் பங்கு. எந்த எண் எந்தச் சோதனையில் வந்தது என்று ஆய்வேட்டில் அவசியம் எழுதுங்கள்.

கேள்வி: சீமைக்கருவேலக் கரியிலிருந்து ஏரோஜெல் செய்யலாமா? (மானாமதுரை)

ஏரோஜெல் வராது, நல்ல மின்முனைக் கரி வரும். மூன்று மடங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து, நிக்கல் கிண்ணத்தில், நைட்ரஜனில் 700–800 டிகிரி. ஆறிய கரியில் உலோகப் பொட்டாசியம் ஒட்டியிருக்கலாம். நேராகத் தண்ணீர் ஊற்றினால் தீப்பிடிக்கும். நைட்ரஜன் ஓடும்போதே ஐசோபுரொப்பனாலைத் துளித்துளியாக விட்டு, நுரைப்பு அடங்கிய பிறகு தண்ணீரிலும், 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும், கடைசியில் வடிநீரிலும் கழுவுங்கள்.