வானத்தில் மட்டும் வரும் புள்ளி

கேள்வி: உப்பளங்களைப் படம் எடுத்தேன். வானம் வரும் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் மங்கலாக ஒரு சாம்பல் புள்ளி. லென்ஸை மாற்றியும் போகவில்லை. அதே கேமராவில் எடுத்த கல்யாணப் படங்களில் மட்டும் ஏன் இல்லை? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: லென்ஸை மாற்றியும் இடம் மாறவில்லை என்றால், தூசு சென்சாருக்கு (கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சில்லு) முன்னால் இருக்கும் கண்ணாடி ஃபில்டரில் ஒட்டியிருக்கிறது. மண்டபத்தில் லென்ஸின் துளையை அகலமாகத் திறந்து, எஃப்/2.8 போல வைத்து எடுத்திருப்பீர்கள். அப்போது ஒளி அகலமாக விழுந்து தூசின் நிழலைக் கரைத்துவிடும். வெயிலில் துளையைச் சுருக்கி எஃப்/16 வைத்தால் ஒளிக்கற்றை மெலிந்து நிழல் அழுத்தமாக விழும். மண்டபத்திலும் அந்தத் தூசு இருந்திருக்கும், கண்ணுக்குப் பட்டிருக்காது.

இடத்தைக் கண்டுபிடிக்க ஐஎஸ்ஓ 100, எஃப்/22 வையுங்கள். மேனுவல் ஃபோகஸை இன்ஃபினிட்டிக்குத் திருப்பி, ஒரு முழ தூரத்தில் வெள்ளைச் சுவரை எடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவை லேசாக அசைத்தால் சுவரின் கறைகள் கலைந்துபோகும், தூசு மட்டும் நிற்கும். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாகப் போடுகிறது. அதனால் படத்தில் மேல் இடது மூலையில் உள்ள புள்ளியை, கேமராவை நிமிர்த்தி முன்னாலிருந்து பார்க்கையில் கீழ் இடது மூலையில் தேட வேண்டும்.

முதலில் மெனுவில் உள்ள சென்சார் கிளீனிங்கை ஓட்டிப் பாருங்கள். போகவில்லையா, பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்துவிட்டு மேனுவல் கிளீனிங் முறைக்குப் போங்கள். டிஎஸ்எல்ஆரில் (உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒன்று உள்ள கேமரா) பாதியில் சார்ஜ் தீர்ந்தால், தூக்கி நிற்கும் அந்தக் கண்ணாடி படக்கென்று இறங்கிவிடும், ஜாக்கிரதை. கேமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து, ரப்பர் புளோயரால் நாலைந்து தடவை அழுத்தி ஊதுங்கள். புளோயரின் மூக்கு, லென்ஸ் மாட்டும் வளையமான மவுன்ட்டுக்கு உள்ளே போகக் கூடாது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டப்பாக் காற்று திரவத்தைப் பீய்ச்சிக் கறை போட்டுவிடும்.

உங்கள் ஊரில் கூடுதல் தொல்லை, உப்பு. அது ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும், ஊதினால் அசையாது. உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். ஊதி முடித்த பிறகு ஈர ஸ்வாப்தான் (சென்சாரைத் துடைக்கும் தட்டையான குச்சி) வழி. பெரிய சென்சாரான ஃபுல் ஃபிரேமுக்கு 24 மி.மீ., அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சிக்கு 16 மி.மீ. அகல ஸ்வாப். சென்சார் துடைக்கும் திரவத்தில் இரண்டு சொட்டு ஸ்வாப்பில் விட்டு, ஊறும்வரை பொறுங்கள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே இழுப்பு. ஸ்வாப்பைத் திருப்பி, மறுபக்கத்தால் திரும்பி வாருங்கள். அதோடு அது குப்பைக்கு. அழுக்கான ஸ்வாப்பால் மூன்றாவது இழுப்பு வேண்டவே வேண்டாம். திரவம் அதிகமானால் ஓரத்தில் தேங்கி, காய்ந்த வளையமாக நிற்கும். பிறகு சுவரை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: சர்ஜிகல் ஸ்பிரிட்டும் இயர் பட்ஸும் போதாதா?

பதில்: போதாது. பஞ்சு இழை பிரிந்து உள்ளே சிக்கும். ஸ்பிரிட்டில் கலந்திருப்பவை காய்ந்ததும் படலமாக நிற்கும்.

கேள்வி: வியூஃபைண்டரில் தெரியும் தூசு படத்தில் வரவில்லையே?

பதில்: வராது. டிஎஸ்எல்ஆரில் அது ஃபோகஸிங் ஸ்கிரீனில் (வியூஃபைண்டருக்கான காட்சி விழும் திரை) இருக்கும் தூசு. அந்தப் பரப்பு மிருதுவானது, ஸ்வாப் பட்டாலே கோடு விழும். மெதுவாக ஊதுங்கள், போகாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள்.