முதல் ஒரு மணி நேரம் ஆபரேஷன் தியேட்டர்ல யாரு நிக்கிறது?

கேள்வி: டாக்டர், நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரில லேபர் வார்டு ஸ்டாஃப் நர்ஸ். பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் குடுக்கணும்னு எங்க எல்லாருக்குமே தெரியும், ட்ரெய்னிங் கூட போயிட்டு வந்தோம். ஆனா சிசேரியன்னா குழந்தைய தொடச்சு வெளில பாட்டி கைல குடுத்துர்றோம், அம்மா வார்டுக்கு வர மூணு நாலு மணி நேரம் ஆகுது, அதுக்குள்ள பவுடர் பால் உள்ள போயிருது. கேட்டா 'நடைமுறைக்கு ஒத்து வராது சிஸ்டர்'ங்கிறாங்க. என்ன பண்றது?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: சிஸ்டர், உங்க லெட்டர் படிச்சு மனசு கஷ்டமாயிருச்சு. டாக்டர், நர்ஸ் யார்கிட்ட பேசினாலும் தாய்ப்பால் வேணாம்னு ஒருத்தர் கூட சொல்றதில்ல, ஆனா உடனே 'ஆள் இல்ல, நேரம் இல்ல, அம்மா களைப்பா இருக்காங்க'ன்னு வந்துரும். இதுல ஆள் இல்லங்கறது நெசம். களைப்புங்கறது அந்தம்மாகிட்ட கேக்காமலே நாமளா முடிவு பண்றது, முதுகுல ஊசி போட்டு பண்ற ஆபரேஷன்ல நெஞ்சுக்கு கீழதான மரத்திருக்கு, அவங்க முழிச்சுட்டுதான இருக்காங்க.

2019-21 தேசிய குடும்பநல சர்வே பாருங்க, நாட்டுல 100 பிரசவத்துல 88க்கு மேல ஆஸ்பத்திரிலதான் நடக்குது, ஆனா முதல் மணி நேரத்துல பால் கெடைச்ச குழந்தைங்க 42 பேர்தான். அப்போ தடை நம்ம ரூட்டீன்லயும் இருக்குன்னுதானே அர்த்தம்? தமிழ்நாட்டுல 100க்கு 45 சிசேரியன் வேற, அத விட்டுட்டா கிட்டத்தட்ட பாதி குழந்தைங்கள விட்ட மாதிரி.

மொத்த ஆஸ்பத்திரியையும் ஒரே நாள்ல மாத்த வேணாம். முன்கூட்டியே நாள் குறிச்ச கேஸ் ஒண்ணு எடுத்துக்கங்க, அனஸ்தீஷியா டாக்டர்கிட்ட முந்தின நாளே பேசிருங்க. குழந்தை நல்லா அழுது மூச்சு விடுதுன்னா, தையல் போடும்போதே அம்மா நெஞ்சுல குறுக்கா போட்டு துணி மூடிரலாம், மூச்சும் நிறமும் பாத்துட்டு கூடவே ஒரு ஆள் நிக்கணும், இதுக்கு மட்டும் ஒரு சிஸ்டர் வேணும்னு டூட்டி போடும்போதே கேட்டு வாங்குங்க. ரெக்கவரில ஒருக்களிச்சு படுக்க வெச்சு குடிக்க வைங்க.

பாட்டிகிட்ட 'பால் பத்தும் பாட்டிம்மா, முதல் நாள் குழந்தை வயிறே ரொம்ப சின்னதுதான், சீம்பால் சொட்டு சொட்டா வந்தாலே போதும்'னு பிரசவத்துக்கு முன்னாடியே சொல்லிருங்க, அழும்போது சொன்னா எடுபடாது. குழந்தைக்கு சுகர் கொறையுற மாதிரி நெலமைல பவுடர் பால் தேவைப்படலாம், அத டாக்டர் காரணத்தோட கேஸ் ஷீட்ல எழுதட்டும். மத்தபடி கம்பெனிக்காரங்க சாம்பிள், போஸ்டர் எதுவும் வார்டுக்குள்ள வரக்கூடாது, 1992லயே சட்டம் வந்தாச்சு, தைரியமா வெளில எடுத்து வைங்க.