நம் குணவகையே கொண்ட கதாபாத்திரங்கள் ஏன் இவ்வளவு நெருக்கமாகத் தெரிகிறார்கள்?

அதிகம் பேசாத உங்களுக்கு, அதே குணமுள்ள பாத்திரங்களை மட்டும் ஏன் பிடிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பூங்குழலி அப்படி. கல்கி 1950 முதல் தொடராக எழுதிய பொன்னியின் செல்வனில், கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள் அவள். மனம் கொந்தளித்தால் தனியே படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுவாள். பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பெண் இருந்தால் ‘திமிர்’ என்றுதான் சொல்லியிருப்போம். கதையில் அவள் மனசுக்குள் ஓடுவதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. நம்மால் யாருக்கும் விளக்க முடியாத குணத்தை ஒருவர் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறாரே என்ற நிம்மதி அது. பதின்வயதில் எனக்கு அது பெரிய துணை.

சரி, INFP, ENFJ என்று நான்கு எழுத்துகளால் குறிக்கிறார்களே, அந்தக் குணவகை (MBTI)? உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் எழுதியதை வைத்து, கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கிய 16 வகைகள் அவை; கேள்வித்தாளை நிரப்பி வகையைக் கண்டுபிடிப்பார்கள். பூங்குழலி எந்தக் கேள்வித்தாளையும் நிரப்பவில்லை. வாசகர்கள்தான் முத்திரை குத்துகிறோம். உளவியலாளர்கள் பலரும் குணத்தைப் பெட்டிகளாகப் பிரிப்பதைவிட ஏற்ற இறக்கமுள்ள அளவாகவே பார்க்கிறார்கள். அதனால் எழுத்துப் பொருத்தம் தேடாமல் படியுங்கள். வாய் ஓயாத வந்தியத்தேவனையும் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.