பார் பிடித்த மலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் மனைவியும் செப்டம்பர் நடுவில் அயர்லாந்து போகிறோம். எட்டு இரவுகள். டப்ளினில் இறங்கி பெல்ஃபாஸ்ட், ஜயன்ட்ஸ் காஸ்வே, பிறகு கானமரா, மோஹர் பாறைகள், டிங்கிள், ரிங் ஆஃப் கெர்ரி, மறுபடி டப்ளின் என்று திட்டம் போட்டிருக்கிறேன். ஏதாவது ஒரு ஊரில் தங்கி நடந்து பார்க்கலாம் என்கிறாள் அவள். இவ்வளவு செலவழித்துப் போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா? மனிதர் கை படாத அந்தப் பசுமையும் கடலோரமும் எங்களுடைய நெடுநாள் கனவு. கார் எடுப்பதா, சுற்றுலாப் பேருந்தில் போவதா? சொன்னால் உதவியாக இருக்கும்.

வி., திருச்சி

அன்புள்ள வி.,

கார் எடுங்கள். அதை ஒரு வரியில் சொல்லி முடித்திருப்பேன். "மனிதர் கை படாத" என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாயிற்று. அயர்லாந்தின் மேற்குக் கரையைப் பற்றி இந்தச் சொற்களைக் கேட்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை. அதற்கு வருகிறேன்.

முதலில் உங்கள் திட்டம். அது நடக்காது. அட்லாண்டிக் கரையோரப் பாதை மட்டுமே 2,500 கிலோமீட்டர். டப்ளினிலிருந்து கால்வே நகரம் வரை நெடுஞ்சாலை, இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். அதைத் தாண்டினால் சாலை குறுகும், நடுவில் புல் முளைத்திருக்கும், ஆடு படுத்திருக்கும். கைபேசி வரைபடம் ஒரு மணி என்றால் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்குப்படி போனால் எட்டு நாளும் நீங்கள் சாலையைப் பார்ப்பீர்கள், உங்கள் மனைவி கண்ணாடி வழியாக மழையைப் பார்ப்பார். வட அயர்லாந்தை விட்டுவிடுங்கள். எல்லையில் யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள், ஆனால் அது பிரிட்டிஷ் அரசின் பகுதி. அயர்லாந்து விசாவில் பி.ஐ.வி.எஸ். என்ற குறி (பிரிட்டனுக்கும் அதே விசா செல்லும் என்பதற்கான குறி) இல்லாமலும் தனியாகப் பிரிட்டன் விசா இல்லாமலும் அங்கே போவது சட்டப்படி தவறு. ஷெங்கன் விசா இரண்டு இடத்திலும் செல்லாது. கெர்ரி அழகுதான், இன்னொரு முறை போகலாம். உங்கள் மனைவி சொன்னதே சரி. அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கார் பற்றி அவசியமானவை மட்டும். அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், அது உங்களுக்கு வசதி. கியர் இல்லாத வண்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது. காப்பீட்டில் டயர், கண்ணாடி, அடிப்பாகம் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அந்தச் சாலைகளில் அடிபடுவது பெரும்பாலும் இடப்பக்க டயரும் பக்கக் கண்ணாடியும். எதிரே பேருந்து வந்தால் பதறி ஓரத்துக்கு இறக்காதீர்கள். மேற்குக் கரையில் உள்ள கானமராவில் புல்லோரம் என்று தெரிவது பல இடங்களில் வெறும் சதுப்பு, சக்கரம் இறங்கினால் ஏறாது. ஒதுங்க இடம் விட்டிருப்பார்கள், அது பின்னால் இருந்தால் பின்னோக்கிப் போங்கள். கிராமச் சாலைகளின் பொது வேக வரம்பு 2025 பிப்ரவரியிலிருந்து 60 கிலோமீட்டர். டப்ளினைச் சுற்றும் எம்50 சாலையில் சுங்கச்சாவடி கிடையாது, கேமரா படம் எடுத்துக்கொள்ளும். மறுநாள் இரவு எட்டு மணிக்குள் இணையத்தில் பணம் கட்ட வேண்டும். வண்டிக்காரரே கட்டிவிடுகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐரிஷ் பேசும் பகுதிகளில் பெயர்ப்பலகை ஐரிஷில் மட்டுமே இருக்கும். கிளிஃப்டன் என்று தேடினால் அன் க்ளோஹான் என்றிருக்கும். தங்கும் ஊர்களின் ஐரிஷ் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் கை படாத பசுமை.

கானமராவுக்கும் மேயோவுக்கும் நடுவே கிலரி என்றொரு கடற்கழி, 16 கிலோமீட்டர் நீளத்துக்கு மலைகளுக்கிடையே உள்ளே நுழைந்திருக்கிறது. அதன் தலைமாட்டில் லீனேன் என்ற சிற்றூர். அங்கிருந்து எதிர்க்கரை மலைச்சரிவைப் பாருங்கள். நண்பகலில் வெறும் பச்சை. மாலை ஆறு மணிக்கு அதே இடத்தில் நின்று பாருங்கள். சரிவு முழுக்க மேலிருந்து கீழாகக் கோடுகள், சீப்பால் வாரியது போல. அவை பார்கள். உருளைக்கிழங்கு நடுவதற்குக் கூட்டிய மண்வரப்பு பார், இரண்டு பாருக்கு நடுவே உள்ள பள்ளம் சால். மழைநீர் வடிய வேண்டும் என்பதால் சரிவின் போக்கிலேயே பிடித்திருக்கிறார்கள். உச்சிவெயில் தெற்கிலிருந்து கோட்டின் திசையிலேயே விழும், நிழல் இருக்காது. மேற்கில் வெயில் சாயும்போது குறுக்கே விழும், ஒவ்வொரு பாருக்கும் ஒரு நிழல் எழும். செப்டம்பர் நடுவில் சூரியன் இறங்குவது கிட்டத்தட்ட நேர் மேற்கில், எட்டு மணிக்குச் சற்று முன்பு. நல்ல மாதம் பார்த்துத்தான் போகிறீர்கள்.

அந்தப் பாரை எப்படிப் பிடித்தார்கள் என்று தெரிந்துகொண்டு பாருங்கள். புளித்த, நீர் கோத்த மண். உழ முடியாது, மாடும் இல்லை. புல்தரையின் மேல் ஏறக்குறைய மூன்றடி அகலத்துக்கு எருவையோ கடற்பாசியையோ பரப்புவார்கள். அதன் மேல் விதைக்கிழங்கு. பிறகு ஒரு பக்கம் மட்டும் கால்மிதி உள்ள நீண்ட மண்வெட்டியால் இருபுறமும் புல்லோடு மண்ணை வெட்டி, புல் கீழே போகும்படி கிழங்கின் மேல் மடிப்பார்கள். வெட்டிய இடம் வடிகாலாகிவிடும். முளை வந்ததும் அந்த வடிகாலிலிருந்தே மண் எடுத்து அணைப்பார்கள். அடிமண்ணைக் கொத்தவில்லை என்பதால் ஆங்கிலத்தில் இதற்குச் சோம்பேறிப் பாத்தி என்று பெயர் வைத்தார்கள். கடற்கரையிலிருந்து பாசியைக் கூடையில் சுமந்து அந்த உயரத்துக்கு ஏறியவர்களைச் சோம்பேறி என்று சொல்ல எப்படி மனம் வந்ததோ. எல்லாப் பார்களும் ஒரே காலத்தவை அல்ல, கீழே உள்ள சிலவற்றில் பிற்பாடும் கிழங்கு போட்டிருக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மேல் விளிம்பை. நல்ல நிலம் கைக்கு எட்டாத மக்கள் பசியோடு எவ்வளவு உயரம் ஏறினார்கள் என்பதை அந்த விளிம்பு காட்டும்.

1845-இல் கிழங்கில் கருகல் நோய் விழுந்தது. ஏழைகள் நட்டதெல்லாம் பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே ரகம், அதற்கு அந்த நோயைத் தாங்கும் சக்தி இல்லை. 1846-இல் விளைச்சல் ஏறக்குறைய முழுதாகப் போயிற்று. பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சத்துக்கு மேல் கப்பலேறினார்கள். 1841 கணக்கெடுப்பில் 81 லட்சத்துக்கு மேல் இருந்த தீவு, 1851-இல் 65 லட்சம். இன்றும் தீவு முழுவதும் 70 லட்சத்தைத் தாண்டுகிறது, அவ்வளவுதான். நீங்கள் போகும் கானாக்ட் மாகாணத்தில் 1841-இல் 14 லட்சம் பேர், 2022-இல் 6 லட்சம்கூட இல்லை. நீங்கள் தேடிப் போகும் அமைதி இப்படி வந்தது, வி. அங்கே வாழ்ந்தவர்கள் போன பிறகு ஆடு ஏறிய இடம் அது.

திருச்சிக்காரர் இதைப் படித்து அந்நியமாக உணர வேண்டியதில்லை. தாது வருஷப் பஞ்சத்தை (1876–78) பற்றிப் பெரியவர்கள் வாயால் கேட்டிருப்பீர்கள். அந்தப் பஞ்சத்தில் கூலிக்கு மக்களை வைத்து வெட்டியதுதான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி. அயர்லாந்தில் அதையே சாலையாகவும் சுவராகவும் செய்தார்கள். அந்த நிவாரணத்தை லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நடத்திய சார்லஸ் டிரெவெல்யன் 1859-இல் சென்னைக்குக் கவர்னராக வந்தார். சென்ட்ரல் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் தொடங்கியது, ரிப்பன் மாளிகை நிற்பது அந்த நிலத்தில்தான்.

கிலரியின் தென்கரையில் அப்படியொரு நிவாரணப் பாதை இன்றும் இருக்கிறது. ராஸ்ரோ படகுத்துறையிலிருந்து லீனேன் பக்கமாக, கடலை ஒட்டியே போகும். புல் மூடிய பாதை, வண்டி போகாது. வழியில் ஃபோஹர் என்ற ஆளில்லா ஊர், கூரை போன கல்வீடுகள். போக வர அரைநாள் ஒதுக்குங்கள். கணுக்கால் வரை மூடும், நீர் புகாத காலணி கட்டாயம், சேறு எந்தப் பருவத்திலும் உண்டு. குடை எடுக்க வேண்டாம், காற்று திருப்பிவிடும். தொப்பி வைத்த மழைச்சட்டை போதும். வாயிற்கதவுகளை எப்படி இருந்தனவோ அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். கற்சுவர்மேல் ஏறாதீர்கள். சாந்து இல்லாமல் அடுக்கியது, ஒரு கல் உருண்டால் பத்தடி சரியும்.

மறுநாள் வெஸ்ட்போர்ட் போய், லூயிஸ்பர்க் வழியாக ஆர்335 சாலையில் திரும்புங்கள். டூலாக் ஏரி வரும். 1849 மார்ச் இறுதியில் நிவாரணம் கேட்ட நூற்றுக்கணக்கானோரை, அதிகாரிகள் பார்வையிட வேண்டும் என்று லூயிஸ்பர்க்கிலிருந்து டெல்ஃபி மாளிகைக்கு நடக்க வைத்தார்கள், சுமார் 19 கிலோமீட்டர். அங்கே ஒன்றும் கொடுக்கவில்லை. திரும்பும் வழியில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை கணக்கு ஒத்துப்போகவில்லை. சாலையோர நினைவுக்கல்லில் காந்தியின் வாசகம் ஒன்று செதுக்கியிருக்கிறது. வண்டியை நிறுத்தி இறங்கிப் படியுங்கள்.

ஆக, லீனேன் அல்லது வெஸ்ட்போர்ட்டில் நான்கு இரவு. பிறகு பாலிவான் அல்லது டூலினில் மூன்று, பர்ரன் சுண்ணாம்புப் பாறைவெளிக்கும் 214 மீட்டர் உயர மோஹருக்கும் அது போதும். மோஹர் விளிம்புப் பாதையில் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று அன்று காலை பார்த்துக்கொள்ளுங்கள். பர்ரனில் ஈரப் பாறை வழுக்கும், வெடிப்புகளில் கால் சிக்கும், மெதுவாக நடங்கள். படத்துக்காகக் கற்களை எடுத்து அடுக்காதீர்கள். கடைசி இரவு டப்ளின்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சிற்றூர்களில் அடுப்பு இரவு எட்டரை, ஒன்பதுக்கு அணைந்துவிடும். காய்கறி சூப்பும் பழுப்பு ரொட்டியும் எங்கும் கிடைக்கும், சூப்பில் கோழிச்சாறு சேர்த்திருக்கிறார்களா என்று சைவக்காரர் கேட்டுக்கொள்ள வேண்டும். லீனேனில் ஐந்தரைக்கே எதையாவது சாப்பிட்டுவிடுங்கள். ஆறிலிருந்து ஏழு வரை இருவரும் தென்கரையில், வடக்கே பார்த்து நில்லுங்கள்.