செல் உருமாறுவது எப்படி?

கேள்வி: கிருமியைத் துரத்தும் வெள்ளையணு, நீண்டும் சுருங்கியும் உருமாறியபடியே நகர்வதைக் காணொளியில் பார்த்தேன். மெல்லிய சவ்வு மூடிய ஒரு துளிக்கு இது எப்படிச் சாத்தியமாகிறது? எந்தப் பக்கம் நீள்வது என்பதைத் தீர்மானிப்பது எது?

பதில்: அந்தச் சவ்வுக்குள் புரத இழைகளாலான சட்டகம் ஒன்று இருக்கிறது. 25 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்குழல்கள், சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள இடைநிலை இழைகள், 7 நானோமீட்டர் மட்டுமே தடிமனுள்ள ஆக்டின் இழைகள் ஆகியவை அதன் உறுப்புகள். நீங்கள் பார்த்த உருமாற்றத்தில் பெரும்பங்கு, இவற்றில் மிக மெல்லியதான ஆக்டினுடையது.

ஆக்டின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இழையாகின்றன. ஒரு முனையில் புதியவை சேரச் சேர, மறுமுனையில் பழையவை உதிர்கின்றன. செல்லின் முன்விளிம்பில் ஆர்ப்2/3 என்னும் புரதக் கூட்டு, ஏற்கெனவே உள்ள இழையின் பக்கவாட்டில் சுமார் 70 பாகைக் கோணத்தில் புதிய கிளையைத் தொடங்கி வைக்கிறது. இவ்வாறு அடர்ந்து வளரும் கிளைகளின் நுனிகள் சவ்வை வெளியே தள்ளுகின்றன. சற்றுப் பின்னால் கோஃபிலின் என்னும் புரதம் பழைய இழைகளைத் துண்டிக்க, உதிர்ந்த மூலக்கூறுகளைப் புரோஃபிலின் என்னும் மற்றொரு புரதம் மறுபடியும் இழையில் சேரத் தகுந்தவையாக்குகிறது. வால்பகுதியைச் சுருக்கி இழுப்பது மையோசின் என்னும் புரதத்தின் வேலை.

உங்கள் இரண்டாவது கேள்விதான் கடினமானது. இங்கே கட்டுப்பாடு ரோ குடும்பப் புரதங்களிடம் இருக்கிறது. குவானோசின் டிரைபாஸ்பேட் என்னும் சிறு மூலக்கூற்றைப் பற்றியிருக்கும்போது இவை செயல்படும்; அது டைபாஸ்பேட்டாகச் சிதைந்ததும் ஓய்ந்துவிடும். 1992இல் உயிரணு ஆய்வாளர்கள் ஆன் ரிட்லி, ஆலன் ஹால் குழுவினர் இப்புரதங்களைச் செல்களுக்குள் நேரடியாகச் செலுத்திப் பார்த்தபோது, குடும்பத்துக்குப் பெயர் தந்த ரோ தடித்த ஆக்டின் கற்றைகளையும், அதன் உறவான ராக் செல் விளிம்பில் அலையலையான மடிப்புகளையும் உண்டாக்கின. மற்றோர் உறுப்பினரான சிடிசி42 விரல்போன்ற நீட்சிகளைத் தோற்றுவிப்பது பின்னர் தெரியவந்தது. ஒரே வகைச் செல், செலுத்தப்பட்ட புரதத்துக்கேற்ப வெவ்வேறு உருவம் கொண்டது என்பதே அச்சோதனையின் அழகு.

கிருமி வெளியிடும் வேதிப்பொருள் வெள்ளையணுவின் ஒரு பக்க ஏற்பிகளில் (வெளிச் சைகைகளை உணரும் புரதங்களில்) சற்றே கூடுதலாகப் படிந்தால் போதும். அப்பக்கம் ராக் தூண்டப்படுகிறது, எதிர்ப்பக்கம் ரோ மேலோங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடக்குவதால் சிறிய வேறுபாடும் தெளிவான முன்பின்னாகப் பெருகுகிறது.

இந்த ஏற்பாட்டைக் குலைக்கத் தெரிந்த கிருமிகளும் உண்டு. குடலைத் தாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் பாக்டீரியாவின் நச்சுப்புரதங்கள், ரோ, ராக் ஆகியவற்றின்மீது ஒரு குளுக்கோஸ் மூலக்கூற்றை ஒட்டி அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. சட்டகம் குலைந்த குடற்செல்கள் உருண்டு, அண்டைச் செல்களிடமிருந்து விலகிவிடுகின்றன. வயிற்றுப்போக்குக்கு இதுவும் ஒரு காரணம்.