தடைக்கால வாடகைக்கு நாளுக்கு நூறு ரூபாய் அபராதமா?

கேள்வி: ராமேஸ்வரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்கு விசைப்படகில் வேலை. வாடகை 4,000 ரூபாய், 5-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் மே மாத வாடகை 20 நாள் தள்ளிப்போய்விட்டது. நாளுக்கு நூறு வீதம் 2,000 ரூபாய் கேட்கிறார் வீட்டுக்காரர். இல்லாவிட்டால் காலி செய்யச் சொல்கிறார். தேதி தாண்டினாலும் 15 நாள் தவணை உண்டு என்கிறார்களே?

பதில்: சகோதரி, நாலாயிரம் வாடகைக்கு இரண்டாயிரம் அபராதம் என்று படித்ததும் மனசு பொறுக்கவில்லை.

அந்த 15 நாள், 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டத்தில் இருந்தது. 2019 பிப்ரவரியில் புதுச் சட்டம் அமலுக்கு வந்ததோடு அது போய்விட்டது. இப்போது ஒப்பந்தத்தில் எழுதிய தேதிதான் கணக்கு.

சரி, அந்தப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தாமதத்துக்கு வட்டி, அபராதம் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? இல்லையென்றால், வாய்ப்பேச்சில் கேட்கும் நூறு ரூபாயைக் கொடுக்க வேண்டியதில்லை. எழுதியிருந்தாலும், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 74-ஆவது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்கலாம். இருபது நாள் தாமதத்துக்குப் பாதி வாடகை எந்த விதத்தில் நியாயம்?

வாடகை பாக்கிக்காகக் காலி செய்ய வைக்க வேண்டுமென்றால், இரண்டு மாத பாக்கி சேர்ந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதமாகியும் நீங்கள் கட்டாமல் இருக்க வேண்டும். நீங்கள்தான் கட்டிவிட்டீர்களே. கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் அதுவும் சட்டப்படி தப்பு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்பது தீவில் யாருக்குத்தான் தெரியாது? அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் உங்கள் இரண்டு மாத வாடகைக்கே சரியாகப் போகும். அப்புறம் அரிசி, பள்ளி திறந்தால் பிள்ளைகளுக்கு நோட்டு. படகு இறங்கினாலும் டீசல், ஐஸ் செலவு கழித்துத்தானே பங்கு?

அதனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: 'மே, ஜூன் வாடகையை ஆகஸ்ட் வரை பிரித்துக் கட்டலாம், அபராதம் கிடையாது.' வாயால் ஒத்துக்கொண்டால் போதாது, பத்திரத்தில் ஏற வேண்டும்.

இன்னொன்று, கையில் பணம் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். வீட்டுக்காரர் தன் நோட்டில் குறித்துக்கொள்வது உங்களுக்கு அத்தாட்சி ஆகாது. ஜிபேயில் அனுப்பினால் 'இன்ன மாத வாடகை' என்று மறக்காமல் எழுதுங்கள். இந்த மாதம் வாடகையை மட்டும் 5-ஆம் தேதிக்குள் அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலமே கணவரோடு பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் பேசுங்கள்.