அவள் சோம்பேறி இல்லை அம்மா

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயதில் ஏ.எல்.எல். ரத்தப் புற்றுநோய். கீமோவோடு தலைக்குக் கரண்டும் வைத்தார்கள். இப்போது நோய் இல்லை, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மூன்றாம் வகுப்புவரை நன்றாகப் படித்தவள் வருஷா வருஷம் பின்தங்குகிறாள், சொன்னதை மறந்துவிடுகிறாள். வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். கரண்டுக்குச் சம்மதித்தது தப்பா டாக்டர்?

பதில்: தப்பே இல்லை அம்மா. ஏ.எல்.எல். மூளையைச் சுற்றிப் போய் ஒளிந்துகொள்ளும் நோய், சாதாரண கீமோ அங்கே போதுமான அளவு போய்ச் சேராது. 1960களில் தலைக்குக் கதிர்வீச்சு, அதாவது நீங்கள் சொல்லும் கரண்டு, கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளாவது பிழைத்தார்கள். அப்போது கொடுத்த அளவு 24 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). பின்விளைவு தெரியத் தெரிய அது 18 ஆனது, 12 ஆனது, இன்று பெரும்பாலான குழந்தைகளுக்கு முதுகில் போடும் மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து ஊசியே போதும் என்ற நிலை. இந்தியாவில் பல வருடம் நடந்த எம்.சி.பி. 841 சிகிச்சைமுறையில் 18 கிரே உண்டு. நீங்கள் அனுப்பிய தாளில் '1800 சென்டிகிரே' என்று இருப்பதும் அதேதான், நூறு சென்டிகிரே ஒரு கிரே.

சரி, மூன்றாம் வகுப்புவரை நன்றாகப் படித்தவளுக்கு இப்போது என்ன ஆனது? பல பெற்றோர் இங்கேதான் குழம்பிப்போகிறார்கள். கதிர்வீச்சின் பாதிப்பு அன்றைக்கே தெரியாது, ஒன்றிரண்டு வருடம் கழித்துத் தலைகாட்டி மெதுவாகக் கூடும். நரம்பு இழைகளைச் சுற்றி மைலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது, செய்தி வேகமாக ஓடுவது அதனால்தான். ஐந்து வயதில் அந்த உறை இன்னும் உருவாகிக்கொண்டே இருக்கும், அதை உருவாக்கும் செல்களும் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களும் கதிர்வீச்சில் அடிபடுகின்றன. மெத்தோட்ரெக்சேட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. படித்தது அழிந்துபோவதில்லை, புதிதாகக் கற்கும் வேகம்தான் குறைகிறது. கூடப் படிக்கும் பிள்ளைகள் வேகமாக முன்னே போவதால் இடைவெளி ஒவ்வொரு வருடமும் பெரிதாகத் தெரிகிறது.

இதே மாதிரி வந்த ஒரு பெண்ணின் அறிவியல் நோட்டு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நாலு வரி, அழகான கையெழுத்து, ஐந்தாவது வரி பாதியில் நின்றிருக்கும். அதற்குள் மிஸ் போர்டை அழித்துவிடுவார்களாம். பாடத்தைப் பற்றி வாயால் கேட்டால், கொஞ்சம் பொறுத்திருந்தால், சரியாகவே சொன்னாள். "டம்ளரை எடுத்துட்டு வா, ஃபேனை நிறுத்து, தம்பியைக் கூப்பிடு" என்று ஒரே மூச்சில் சொன்னால் மட்டும் முதல் வேலையோடு நின்றுவிடுவாள். இதையா சோம்பேறித்தனம் என்பது? தயவுசெய்து அந்த வார்த்தையை வீட்டில் யாரும் அவள் காதுபடச் சொல்ல வேண்டாம், அவள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு உழைத்துத்தான் அந்த நாலு வரியை எழுதுகிறாள்.

இப்போது செய்ய வேண்டியது: நரம்பு உளவியல் பரிசோதனை, அதாவது கவனம், வேலை செய்யும் வேகம், நினைவாற்றல் எல்லாவற்றையும் தனித்தனியாக அளப்பது. வெறும் ஐ.க்யூ. எண்ணோடு அனுப்பிவிட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கூடவே கண், காது, தைராய்டு, ரத்தசோகை, தூக்கம், மனச்சோர்வு பார்க்க வேண்டும். உயரமும் முக்கியம், 18 கிரே, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தொட்டு வளர்ச்சி ஹார்மோனைக் குறைக்கக்கூடும். கவனக்குறைவு அதிகம் என்றால் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை சிலருக்கு உதவுகிறது, ஆனால் அதைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் கையில். ஞாபகசக்தி டானிக் எதுவும் வாங்காதீர்கள், காசு வீண்.

அப்புறம் பள்ளிக்கூடம். முன் பெஞ்ச், அச்சிட்ட நோட்ஸ், ஒரு நேரத்தில் ஒரு வேலை, பரீட்சையில் கூடுதல் நேரம், இவ்வளவுதான் கேட்கிறோம். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வில் கூடுதல் நேரத்துக்கும், அவள் சொல்லச் சொல்ல எழுத ஒருவருக்கும் மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் பரிசோதனையை இந்த வருடமே முடித்துவிடுங்கள்.

புதிதாகத் தலைவலியோ வலிப்போ வந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். எங்கே போனாலும் அந்த 1800 என்று எழுதிய தாளின் ஒரு நகல் கையில் இருக்கட்டும்.